திட்டு வாங்கிய மாஸ்டர்

ஜமுனாமரத்தூரில் நான் சாப்பிட்ட முதல் தோசையில் உப்பு இல்லை. மலைப்பாதையில் பஸ் குலுக்கிய குலுக்கலில் வயிறு காலியாகியிருந்தது. பேசாமல் சாப்பிட்டிருக்கலாம். நாக்கு சும்மா இருக்கவில்லை. "உப்பு கொஞ்சம் கம்மியோ?" என்று கேட்டுவிட்டேன்.

பலகைக்கு அந்தப் பக்கம் நின்றவர் தோசையை ஒரு பார்வை பார்த்தார், என்னை ஒரு பார்வை பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடியும் போட்டுக்கொண்டார். "ஒரு நிமிசம் இருங்க சார்" என்று சொல்லிவிட்டு, சாக்குப் படுதாவை விலக்கிக்கொண்டு அடுப்படிக்குள் போனார்.

"யோவ் மாஸ்டர்! உப்பு போடறதுக்கு உனுக்கு இன்னாய்யா கேடு? சார் கீழ இருந்து வந்துகீறாரு, மொத நாளே மானத்த வாங்கறியே! கண்ணு எங்க கீது, பொடனியிலயா?"

மூக்கடைத்தவர் பேசுவது போன்ற ஒரு மெல்லிய குரல் உள்ளே ஏதோ முனகியது.

"பேசாத! வாய மூடிக்கினு ஊத்து!"

தோசைக்கல்லின் மேல் கரண்டி டங்கென்று விழுந்தது. வந்த அன்றைக்கே முகம் தெரியாத ஒரு மனுஷனுடைய பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று சங்கடமாகிவிட்டது. "பரவாயில்லைங்க, நல்லாத்தான் இருக்கு" என்று வெளியிலிருந்தே கத்தினேன். அவர் புதுத் தோசையோடு வந்தார். அதில் உப்பு இரண்டு தோசைக்குச் சேர்த்து இருந்தது. நான் மூச்சு விடாமல் தின்று முடித்தேன்.

அப்போது எண்பதுகளின் தொடக்கம். மலேரியா வேலைக்காக என்னைக் கண்ணமங்கலத்திலிருந்து மலைக்கு ஏற்றி அனுப்பியிருந்தார்கள். ஊர் ஊராகப் போய்க் காய்ச்சல்காரர்களின் விரல் நுனியில் குத்தி, கண்ணாடிச் சில்லில் ரத்தம் எடுத்து அனுப்ப வேண்டும். இந்த வேலை செய்கிறவனை யார் வாவென்று கூப்பிடுவார்கள்? என் சைக்கிளைப் பார்த்ததும் மலைக்காரர்கள் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார்கள். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்த ஒரே இடம் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்த ஓட்டல்தான். ஓட்டுக் கூரை, இடுப்பு உயரத்துக்கு ஒரு நீளப் பலகை, அதற்கு முன்னால் இரண்டு பெஞ்சு. முதலாளி போளூரில் இருந்தார். எப்போதாவது பஸ் ஏறி வந்து, எல்லாவற்றையும் மோப்பம் பிடித்துவிட்டுப் போவார்.

பலகைக்குப் பின்னால் நின்றவரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. மலையில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. ஓட்டல்காரர் என்றால் அவர்தான். செங்கம் பக்கத்து மனிதர், நாற்பதைத் தாண்டியவர், கல்யாணம் ஆகாதவர். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் அழுத்தமாக மடித்து விட்டிருப்பார். நிற்பதில் ஒரு தோரணை இருக்கும். நான்கே பேர் சாப்பிட வந்திருந்தாலும் நானூறு பேரைச் சமாளிக்கிறவர் போலத்தான் நிற்பார்.

அவருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. நாம் தோசை என்று வாயைத் திறப்பதற்குள் கழுத்தைப் படுதாப் பக்கம் திருப்பி, "ஒரு சாதா, ரெண்டு முறுகல்!" என்று குரல் கொடுப்பார். அப்புறம் நம்மிடம் திரும்பி, "சொன்னாத்தான் செய்வாரு சார், ஒரு எட்டு அதட்டிட்டு வர்றேன்" என்று உள்ளே போவார். உள்ளே இவர் அதட்டுவதும் அந்த மூக்கடைத்த குரல் "ஆவுது, ஆவுது" என்று கெஞ்சுவதும் கேட்கும். கொஞ்ச நேரத்தில் தோசையோடு வெளியே வருவார். ஒரு நாளைக்கு எத்தனை தோசையோ, அத்தனை அதட்டல்.

நான் அந்த மாஸ்டருக்காக மனசுக்குள் அழுதுகொண்டிருந்த காலத்தில், ஒரு நாள் மத்தியானம் கை கழுவ முன்பக்கத் தொட்டியில் தண்ணீர் இல்லை. பின்பக்கமாகச் சுற்றிப் போனேன். அடுப்படிக் கதவு திறந்திருந்தது. உள்ளே நம்ம ஆள் மட்டும் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் மாவுக் கரண்டி, இன்னொரு கை இடுப்பில். தோசைக்கல்லைப் பார்த்து, "எத்தினி தபா சொல்றது உனுக்கு?" என்று பல்லைக் கடித்தார். பிறகு மூக்கைச் சுருக்கி, "இதோ ஆவுதுங்க" என்று தானே பதில் சொன்னார். நிமிர்ந்தபோது வாசலில் நான் நின்றிருந்தேன்.

வேறு யாராக இருந்தாலும் கரண்டியைக் கீழே போட்டிருப்பார்கள். அவர் அசரவில்லை. "கை கழுவணுமா சார்? அந்தாண்ட குடத்துல தண்ணி கீது" என்று சொல்லிவிட்டுத் தோசையைத் திருப்பினார். விட்ட இடத்திலிருந்து திட்டைத் தொடர்ந்தார். நானும் கையைக் கழுவிக்கொண்டு பேசாமல் பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். மாஸ்டர் என்று ஒருவர் இல்லை என்பது மலையில் வேலை பார்த்த என்னைப் போன்ற கீழூர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது. யாரும் வாயைத் திறக்கவில்லை. தோசை கிடைக்கிற ஒரே இடத்தில் எதற்கு வம்பு?

ஒரே ஒரு தடவை கேட்டேன், எதற்கு இந்தக் கூத்து என்று. அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"வேலூர்ல நான் நின்ன ஓட்டல நீங்க பாக்கல சார். கவுன்ட்டர்ல நின்னு ஒரு கொரல் குட்தேன்னா உள்ள மாஸ்டருங்க ஓடுவாங்க. இந்த மொதலாளி வந்து, மலைமேல ஓட்டல் வைக்கிறேன், அங்க எல்லாமே நீதான்னாரு. எல்லாமேன்னதும் சந்தோசமா வந்துட்டேன். வந்து பாத்தா நெசமாவே எல்லாமே நான்தான்!"

"அதுக்காக இல்லாத ஆளைத் திட்டணுமா?"

"ஒத்த ஆளு ஓட்டல்னா எவன் சார் மதிப்பான்? உள்ள ஒரு ஆளு இருக்கணும்."

ஒரு விஷயத்தில் அவர் கறாரான ஆள். தோசை கருகினால் அது மாஸ்டர் வேலை. யாராவது சட்னி பிரமாதம் என்றால், "நான் சொல்லிச் சொல்லிப் பழக்கி வச்சிருக்கேன் சார், வந்தப்ப அந்தாளுக்குத் தேங்கா துருவக்கூட வராது" என்று நெஞ்சை நிமிர்த்துவார். இப்படி ஒரு தொழிலாளி கிடைத்தால் எந்த முதலாளியும் விடமாட்டான். சம்பளம் கேட்காமல், லீவு கேட்காமல், மொத்தத் திட்டையும் வாங்கிக்கொள்கிற மனுஷன்.

மாஸ்டருக்குக் காய்ச்சல் வந்த கதையையும் சொல்ல வேண்டும். மழைக்காலத்து விடியற்காலையில் என் அறைக் கதவைத் தட்டினார். கம்பளியைப் போர்த்திக்கொண்டு பல் கிடுகிடுக்க நின்றார். கண் இரண்டும் சிவந்திருந்தது.

"மாஸ்டருக்குக் காய்ச்சல் சார். நல்ல மாத்திரையா குடுங்க."

"ரத்தம் எடுக்காம நான் மாத்திரை குடுக்கறதில்லையே. மாஸ்டரை வரச் சொல்லுங்க" என்றேன் நானும் விடாமல்.

அவர் யோசித்தார். நடுக்கத்தில் கம்பளி நழுவியது, இழுத்துப் போர்த்திக்கொண்டார். "அவருக்கு ஊசின்னா பயம் சார். எங்கிட்டயே எடுத்துக்கோங்க. ரெண்டு பேரையும் ஒரே கொசுதான கடிக்குது" என்று விரலை நீட்டினார். எடுத்துக்கொண்டேன். மாத்திரையைக் கொடுத்து, மாஸ்டரை இரண்டு நாள் படுக்கச் சொல்லுங்கள் என்றேன். "அந்தாளு படுத்தா கடைய யாரு சார் பாக்கறது?" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். அன்று உள்ளே மாஸ்டருக்கு விழுந்த திட்டில் மட்டும் சுரத்து இல்லை.

இதெல்லாம் எங்களுக்குள் விளையாட்டாகப் போய்க்கொண்டிருந்தது. விளையாட்டு என்று தெரியாதவர்கள் மலைக்காரர்கள்தான். அவர்கள் ஓட்டலுக்கு வருவது சந்தை நாளில் மட்டும். புளி, தேன், சாமை என்று கொண்டுவந்ததை விற்றுவிட்டு, ஊர் ஊராகச் சேர்ந்து வந்து உட்காருவார்கள். நெல் விளையாத ஊர்களில் சாமைச் சோறு தின்கிறவர்களுக்குச் சந்தைத் தோசை என்றால் பண்டிகை மாதிரி. ஓட்டலை விழாமல் தாங்கிப் பிடித்திருந்ததே அந்த ஒரு நாள் வியாபாரம்தான். கூட்டத்தைப் பார்த்ததும் நம்ம ஆளுக்கும் குரல் இன்னும் ஏறும்.

அப்படி வருகிறவர்களில் ஓர் அம்மாள் உண்டு. புளி விற்க வருவார், ஐம்பது வயதிருக்கும், காதில் கனத்த தோடு. அவர் எழுந்தால் அவர் ஊரே எழும், உட்கார்ந்தால் உட்காரும். ஒருமுறை நான் அவர் விரலைக் கேட்டபோது, "எங்கிட்ட கீற ரத்தம் எனுக்கே பத்தல, உனுக்கு வேறயா?" என்று துரத்திவிட்டவர். மலைமேல் எல்லோருக்கும் 'நீ'தான். நானானாலும் சரி, என் மேலதிகாரியானாலும் சரி.

அப்படி ஒரு சந்தை நாளில் தோசை ஒன்று நன்றாகக் கருகிவிட்டது. கூட்டம் இருந்த உற்சாகத்தில் நம்ம ஆள் உள்ளே போய் வழக்கத்தைவிட அதிகமாக ஆடிவிட்டார். கரண்டியைத் தட்டினார், "இன்னியோட உன் சீட்ட கிழிக்கிறேன் பாரு" என்றார். அந்த மூக்கடைத்த குரல் அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தேம்பித் தேம்பி அழுதது. நானே ஒரு கணம் எழுந்துவிட்டேன், அவ்வளவு தத்ரூபம். அவர் வெளியே வந்தபோது புளிக்கார அம்மாள் பலகைக்கு முன்னால் நின்றார்.

"உள்ள அழுவறது யாரு?"

"மாஸ்டருதான்க்கா. வேல தெரியாத ஆளு."

"வெளிய கூப்புடு அவன."

"வரமாட்டாருக்கா. கூச்சப்படுவாரு."

"அடுப்புல நெருப்பு கீறப்ப ஆக்கறவன ஏசலாமா நீ? அவன் அழுதுக்கினு ஊத்துனது எங்க ஒடம்புல ஒட்டுமா? அவன உக்கார வச்சு, உங் கையால சோறு போட்டு, மனச ஆத்து. அப்பறம் நாங்க துன்றோம்."

அது அவர்களுடைய வழக்கம். அடுப்பெரியும்போது சமைக்கிறவரைத் திட்டக்கூடாது. திட்டிவிட்டால் திட்டியவரே பரிமாறி, சமைத்தவர் சாப்பிட்ட பிறகுதான் மற்றவர்கள் கை வைப்பார்கள். நம்ம ஆள் சிரித்து மழுப்பப் பார்த்தார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. இலையில் இருந்ததைத் தொடாமல் எழுந்தார். அவர் ஊர் எழுந்தது. விஷயம் கேட்டு அடுத்த பெஞ்சில் இருந்த இன்னோர் ஊரும் எழுந்தது.

அடுத்த சந்தைக்கு நம்ம ஆள் ஒரு யோசனையோடு இருந்தார். மாஸ்டர் லீவில் ஊருக்குப் போயிருக்கிறார் என்று முன்கூட்டியே எல்லோரிடமும் சொல்லிவைத்தார். இதைவிட மோசமான பொய்யை அவர் சொல்லியிருக்க முடியாது. "திட்டித் தொரத்திட்டான்யா அந்தாள!" என்று சந்தை முழுக்கப் பேச்சாகிவிட்டது. ஒருத்தர்கூட உள்ளே வரவில்லை. வேக வைத்த இட்லி தட்டு தட்டாக ஆறிக் கிடந்தது. கெட்ட நேரம் பாருங்கள், அன்றைக்கென்று முதலாளி பஸ்ஸில் வந்து இறங்கினார். காலி பெஞ்சைப் பார்த்துக் காரணம் கேட்டார். மாஸ்டர் சமாச்சாரம் என்று யாரோ சொன்னார்கள்.

"எந்த மாஸ்டர்? நான் எப்பய்யா மாஸ்டர் வச்சேன்?"

நம்ம ஆள் துண்டால் பலகையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை.

"அடுத்த சந்தையும் இப்டின்னா கதவப் பூட்டிக்கினு கீழ வந்துடு" என்று சொல்லிவிட்டு முதலாளி திரும்பும் பஸ்ஸிலேயே போய்விட்டார்.

மறுநாள் நம்ம ஆள் என் அறைக்கு வந்தார். நான் சொன்னதில் புதுமை ஒன்றும் இல்லை, உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்றேன்.

"பைத்தியம்னு சிரிப்பாங்க சார். அப்பறம் நான் இந்தப் பலகைக்குப் பின்னால எப்டி நிக்கறது?"

"சொல்லலைன்னா பலகையே இருக்காதே."

"கீழ எனுக்கு இன்னா சார் கீது? தம்பி வூட்ல மாட்டுக்குப் பக்கத்துல படுக்கணும்" என்றார். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

அடுத்த சந்தை நாள் வந்தது. புளிக்கார அம்மாள் தன் ஊர்க்காரர்களோடு ஓட்டலைத் தாண்டிப் போகும்போது நம்ம ஆள் பலகைக்கு வெளியே வந்து வழியில் நின்றார். மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டிருந்தார்.

"யக்கா, மாஸ்டர்னு யாரும் இல்ல. நான்தான் மாஸ்டர். நான்தான் ஊத்துனேன், நான்தான் திட்டுனேன், நான்தான் அழுதேன்."

யாரும் நம்பவில்லை. ரெண்டு குரல் கேட்டோமே என்றார்கள். அவர் அந்த இடத்திலேயே, நட்டநடுத் தெருவில், தன் குரலில் அதட்டி, மூக்கைச் சுருக்கி "ஆவுது, ஆவுது" என்று பதில் சொல்லிக் காட்டினார். காட்டும்போது முகம் செத்துப்போயிருந்தது. இரண்டு பேர் சிரித்தார்கள். அந்த அம்மாள் அவர்களை ஒரு முறை முறைத்துவிட்டு, விறுவிறுவென்று ஓட்டலுக்குள் நுழைந்து படுதாவைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனார். கொஞ்ச நேரம் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவரின் முகத்தில் பழைய கோபம் இல்லை.

"நெசந்தான். ஒரு பாயி, ஒரு தட்டு, ஒரு லோட்டாதான் கீது" என்றார் தன் ஊர்க்காரர்களிடம். பிறகு அவரைப் பார்த்து, "இத்தினி நாளும் உன்னையேவா திட்டிக்கின?" என்று கேட்டார்.

அவர் தலையை ஆட்டினார்.

"ஏன்?"

"சும்மாக்கா. உள்ள யாரோ கீற மாதிரி இருக்கட்டும்னு."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. விஷயம் முடிந்தது, இனி சாப்பிட உட்காருவார்கள் என்று நான் நினைத்தேன். மலைக்காரர்களின் வழக்கம் அவ்வளவு லேசில் விடுவதா? திட்டு வாங்கியது யாராக இருந்தால் என்ன, அடுப்பருகே நின்றவன் திட்டு வாங்கியது வாங்கியதுதான். திட்டியவன் பரிமாற வேண்டும், சமைத்தவன் சாப்பிட வேண்டும். இரண்டும் ஒரே ஆளாக இருந்தால் எப்படி? தெருவிலேயே குந்தி உட்கார்ந்து பேசினார்கள். ஒருத்தன் தனக்குத்தானே பரிமாறிக்கொண்டால் மனசு ஆறாது என்று ஒருவர் அடித்துச் சொன்னார். திட்டியவனுக்குப் பதிலாக அவனுடைய சொந்தக்காரர்கள் யாராவது போடலாம் என்று இன்னொருவர் வழி சொன்னார். இவனுக்கு மலையில் சொந்தம் யார் என்று கேட்டார்கள். நம்ம ஆள் யாரும் இல்லை என்று கையை விரித்தார்.

புளிக்கார அம்மாள் புடவையை உதறிக்கொண்டு எழுந்தார்.

"இன்னா இல்ல? நான் கீறேன். நான் போடறேன்."

பெஞ்சின் நடுவில் நம்ம ஆளை உட்கார வைத்தார்கள். அத்தனை வருஷத்தில் அவர் பலகைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அம்மாள் உள்ளே போய்த் தோசை ஊற்றிக்கொண்டு வந்தார். ஒரு பக்கம் தடிமன், இன்னொரு பக்கம் கிழிசல். வேறு யாராவது அப்படி ஊற்றியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அவர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். கண்ணீர் சட்னியில் விழுந்தது. துடைத்துக்கொள்ளத் துண்டை எடுத்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடுமே என்று எடுக்காமலே சாப்பிட்டு முடித்தார். அதன் பிறகு ஊரே உட்கார்ந்தது. மாவு சுரண்டி எடுக்கிற வரை தோசை போயிற்று. முதலாளிக்குக் கதவைப் பூட்டுகிற வேலை வைக்கவில்லை.

அதோடும் முடியவில்லை. அடுத்த சந்தைக்கு அந்த அம்மாள் புளி மூட்டையை மருமகளிடம் கொடுத்துவிட்டு நேராக அடுப்படிக்குப் போய், தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார். என்ன இது என்று கேட்டதற்கு, "தனியா வுட்டா பழையபடி ஆரம்பிச்சுடுவான். ஒரு ஆளு காவல் இருக்கட்டும்" என்றார். அதன் பிறகு சந்தை தவறாமல் அந்த ஊரிலிருந்து யாராவது ஒருவர் மாஸ்டருக்குக் காவல் உட்கார்ந்தார்கள். சும்மா உட்காருகிறவர்களா அவர்கள்? தேங்காய் துருவினார்கள், விறகு தள்ளினார்கள், தங்கள் வீட்டு நியாயம் எல்லாவற்றையும் பேசினார்கள்.

இப்படி ஒரு சந்தை நாளில் நான் போனபோது பலகைக்குப் பின்னால் நம்ம ஆள் சத்தமே இல்லாமல் நின்றுகொண்டிருந்தார். எனக்கு வாய் சும்மா இருக்குமா? "என்ன ஓட்டல்காரரே, தொண்டை கட்டிக்கிச்சா? ஒரு குரல் குடுங்க, கேப்போம்!" என்று கடை அதிரக் கேட்டேன்.

அவர் பதறிப்போய்ப் படுதாவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பலகைமேல் சாய்ந்து, முகமெல்லாம் பூரிப்பாக, என் காதருகே சொன்னார்:

"மெல்லப் பேசுங்க சார். உள்ள ஆளு கீறாங்க."